கவனயீனம் என்று அப்பாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள், நியாய சபை வேலையைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது, இப்போது கம்பனி மேன்முறையீடு போட்டிருக்கிறது

பொகவந்தலாவை மகள்

எல்லோருக்கும் வணக்கம். பதிவு கொஞ்சம் நீளம். தோட்ட வழக்குகள் தெரிந்தவர்கள் பதில் சொன்னால் எங்கள் குடும்பத்துக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

அப்பா எங்கள் தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், தேயிலை உலர்த்தும் டிரையர் பார்த்தவர். இளவயதில் மலையில் கவ்வாத்து வெட்டினார், பிறகு ரோலர், அப்புறம் டிரையர். 2022 தொடக்கத்தில் இலங்கை முழுக்கக் கரண்ட் வெட்டிய காலம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அப்போது ஒரு நாள் ராத்திரி வேலையில் திடீரென்று கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஓடவில்லை. டிரையருக்குள் கிடந்த தேயிலை பற்றிக்கொண்டது. யாருக்கும் காயம் இல்லை, கட்டடத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. ட்ரே சில வளைந்துவிட்டன, உள்ளே கிடந்த தேயிலை முழுக்கக் கரி.

அடுத்த நாள் பெரட்டுக்கு (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) போன அப்பாவை, வேலைக்கு வர வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள். பிறகு குற்றப்பத்திரம் வந்தது. கவனயீனம், இயந்திரத்தை விட்டு அகன்றது, வெப்பநிலைப் புத்தகத்தில் பதிவு போடாதது, கம்பனிக்கு நட்டம் உண்டாக்கியது என்று நான்கு குற்றச்சாட்டு. விசாரணை தோட்ட ஒபிசிலேயே நடந்தது. வேலைநீக்கக் கடிதம் வந்தது.

தொழிற்சங்கத்தின் உதவியோடு ஹட்டன் தொழில் நியாய சபைக்குப் போனோம். தவணைக்கு மேல் தவணை. கடைசியில், வேலைநீக்கம் நியாயமற்றது, அப்பாவை மீண்டும் வேலைக்கு எடுக்க வேண்டும், நிலுவைச் சம்பளத்தில் ஒரு பகுதியும் கொடுக்க வேண்டும் என்று கட்டளை வந்தது. இப்போது அதை எதிர்த்துக் கம்பனி மாகாண மேல் நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்திருக்கிறது. அறிவித்தல் வீட்டுக்கு வந்துவிட்டது.

மறுபடியும் முதலிலிருந்து சாட்சி சொல்ல வேண்டுமா? அப்பாவுக்கு அறுபது நெருங்குகிறது. போன வாரம் ஒபிசிலிருந்து ஒருவர் காம்பராவுக்கே (லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், நாங்கள் இருக்கும் வீட்டுக்கே) வந்து, "மேல் கோர்ட்டில் எல்லாம் தலைகீழாகிவிடும், ஒரு தொகையை வாங்கிக்கொண்டு முடித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா கையெழுத்துப் போடும் மனநிலையில் இருக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

லிந்துலை வாசி

தங்கச்சி, அப்பாவைப் பிடித்து வையுங்கள். சட்டத்தரணி ஒருவர் பார்க்காமல் எதிலும் கையெழுத்து வேண்டாம். ஒபிஸ் ஆள் காம்பராவுக்கு நடந்து வருகிறார் என்றால் தீர்ப்பு அவர்களை உறுத்துகிறது என்றுதான் அர்த்தம்.

தலவாக்கலை சட்டம்

லிந்துலை வாசி சொன்னதை நானும் சொல்கிறேன். கையெழுத்து இப்போது வேண்டாம்.

உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: இல்லை, சாட்சியம் மறுபடி எடுக்க மாட்டார்கள். இதைத் தோட்டத்து மக்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். இந்த இடத்தில்தான் பயமுறுத்திக் காரியம் சாதிக்கிறார்கள்.

தொழில் நியாய சபைகள் 1950ஆம் ஆண்டு 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. அவற்றை உருவாக்கியது 1957இல் வந்த திருத்தம். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் அதைத் தாண்டி, நீதியும் ஒப்புரவுமான கட்டளை கொடுக்க நியாய சபைக்கு அதிகாரம் உண்டு. சான்றுக் கட்டளைச் சட்டத்தின் இறுக்கமான விதிகளும் அதைக் கட்டுப்படுத்தாது. தோட்டத்து விசாரணையில் என்ன முடிவு எடுத்தார்கள் என்பதை வைத்து அது தீர்ப்புச் சொல்வதில்லை. எல்லாவற்றையும் புதிதாக விசாரிக்கிறது. வேலையை நிறுத்தியதைக் கம்பனி ஒத்துக்கொண்டால், நிறுத்தியது சரிதான் என்று காட்டும் பாரமும் கம்பனிமேல்தான். அதனால்தான் உங்கள் வழக்கில் கம்பனிச் சாட்சிகளை முதலில் கூப்பிட்டிருப்பார்கள்.

ஆனால் மேல் நீதிமன்றத்தின் வேலை அது இல்லை. 1990க்குப் பிறகு இந்த மேன்முறையீடுகள் மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகின்றன. அங்கே சட்டப் பிரச்சினை ஒன்றை மட்டும்தான் கிளப்ப முடியும். அப்பா டிரையரை விட்டு அகன்றாரா இல்லையா என்பது சம்பவம் பற்றிய கேள்வி. நியாய சபைத் தலைவர் சாட்சிகளைக் கண்ணால் பார்த்து, கேட்டு, ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். நான் பார்த்திருந்தால் வேறு மாதிரி முடிவெடுத்திருப்பேன் என்று மேல் நீதிமன்றம் அதைக் கலைக்க முடியாது.

அப்படியானால் எப்போது கலைக்கலாம்? இதைச் சொன்ன 1977 வழக்கிலும் மேன்முறையீடு செய்தது ஒரு தோட்டக் கம்பனிதான். கலிடோனியன் தேயிலை, இறப்பர்த் தோட்டக் கம்பனியின் வழக்கு. பிறகு பிரதம நீதியரசரான சர்வானந்தா அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். நியாய சபை வந்த முடிவுக்கு ஆதரவாகச் சட்டப்படி ஏற்கத்தக்க சான்று எதுவுமே இல்லை என்றோ, அந்தச் சான்றை வைத்துப் புத்தியுள்ள எவரும் அப்படியொரு முடிவுக்கு வந்திருக்க முடியாது என்றோ மேன்முறையீட்டாளர் காட்ட வேண்டும். இன்றைக்கும் கம்பனிகளின் மேன்முறையீட்டில் முதலில் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்புகளில் அதுவும் ஒன்று.

ஆகவே "எல்லாம் தலைகீழாகும்" என்பது தானாக நடக்கிற காரியம் இல்லை. கம்பனி சுமக்க வேண்டிய பாரம் பெரியது. அதற்காக நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் கூடாது. சாட்சியத்தில் என்ன இருந்தது என்று கொஞ்சம் எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற டீமேக்கர்

பிள்ளை கோபித்துக்கொள்ளக் கூடாது. நான் ஊவாப் பக்கம் டீமேக்கராக, அதாவது ஸ்டோர் வேலைக்குப் பொறுப்பாக, இருந்து ஓய்வு பெற்றவன். எதிர்ப்பக்க நியாயத்தையும் யாராவது இங்கே சொல்ல வேண்டும்.

டிரையர் என்பது விளையாட்டுச் சாமான் இல்லை. செயினில் ட்ரே போகும் பழைய டிரையரில் உள்ளே போகும் காற்றே 90 முதல் 100 பாகை வரை இருக்கும், வெளியே வரும் காற்று 50, 55. தேயிலை இருபது நிமிடம் அளவில் உள்ளே சுற்றி, 3 வீதம் ஈரத்தோடு கீழே விழும். அவ்வளவு காய்ந்த சாமான் ஒரு பொறிக்குக் காத்திருக்கிறது. அடியிலும் மூலையிலும் பஞ்சு மாதிரி தூசு சேரும். கரண்ட் போனால் செயின் நிற்கும், காற்றாடி நிற்கும், ஆனால் அடுப்பு நிற்காது. விறகு எரிந்துகொண்டே இருக்கும், இரும்பு கொதித்துக்கொண்டே இருக்கும், நடுவில் மாட்டிய தேயிலை கருகும். அப்போது டிரையர்காரர் பக்கத்தில் நின்றால் குளிர்காற்றுக் கதவைத் திறப்பார், அடுப்பிலிருந்து விறகை இழுப்பார், ட்ரேயில் கிடப்பதைக் கையால் இறக்குவார். அவர் அங்கே இல்லை என்றால் நிமிடக் கணக்குதான்.

ஸ்டோர் எரிந்தால் ஒரு கம்பனி மட்டும் எரிவதில்லை. அந்தத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற அத்தனை பேரின் பிழைப்பும் அதோடு போகும். ஸ்டோர் எரிந்துபோய், கொழுந்தை லொறியில் ஏற்றி வேறு தோட்டத்துக்கு அனுப்பின காலத்தை நான் பார்த்திருக்கிறேன். அதனால் டிரையரை விட்டுப் போன ஆளை மறுபடி அதே டிரையரில் நிறுத்தச் சொல்வது சரியா என்று கம்பனி நீதிமன்றத்தைக் கேட்டால் அதைக் கெட்ட எண்ணம் என்று நான் சொல்ல மாட்டேன்.

இரண்டு கேள்வி. கரண்ட் வெட்டு நேரம் முன்கூட்டியே அறிவித்துத்தானே வெட்டினார்கள்? அந்த நேரத்துக்கு முன்பே டிரையரை வெறுமையாக்கி வைத்திருக்கலாமே? புத்தகத்தில் ஏன் பதிவு இல்லை?

பொகவந்தலாவை மகள்

ஐயா, கோபம் இல்லை. இதே கேள்விகளைத்தான் கம்பனிச் சட்டத்தரணியும் அப்பாவிடம் கேட்டார். நான் அங்கே உட்கார்ந்திருந்தேன், அதனால் எழுத முடிகிறது.

அன்றைக்கு அடுப்புக்கு விறகு போடுகிற ஆள் வரவில்லை. செக்ரோலை (யார் யார் வேலைக்கு வந்தார்கள் என்று நாளுக்கு நாள் பதியும் புத்தகத்தை) கொண்டுவரச் சொல்லி எங்கள் பக்கம் கேட்டது. கொண்டுவந்தார்கள். அந்த ஆளின் பெயருக்கு நேரே அன்றைய கட்டத்தில் பேர் (வேலை நாள் பதிவு) விழவில்லை, அவருக்குப் பதிலாக வேறு யாருக்கும் பேர் போட்டிருக்கவும் இல்லை. இரவு வேலை பார்த்த ஸ்டோர் உத்தியோகத்தர் குறுக்கு விசாரணையில், "அடுப்பையும் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்" என்று ஒத்துக்கொண்டார். எங்கள் ஸ்டோரில் அடுப்பு வாய் சுவருக்கு அந்தப் பக்கம், வெளிமுற்றத்தில் இருக்கிறது. விறகு போடப் போனால் டிரையர் கண்ணுக்குத் தெரியாது. திரும்பி வரச் சுவரைச் சுற்றி வர வேண்டும். கரண்ட் போன நேரம் அப்பா அங்கேதான் விறகு போட்டுக்கொண்டு இருந்தார்.

வெட்டு நேரம் பற்றி: அந்த ராத்திரி சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே போய்விட்டது. நேர அட்டவணை ஒபிசுக்கு வந்ததாகச் சொன்னார்கள். ஸ்டோரில் ஒட்டியதாகவோ, டிரையர் ஆட்களிடம் சொன்னதாகவோ யாரும் சாட்சி சொல்லவில்லை. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை என்று அவர்களுடைய சாட்சியே சொன்னார். அந்த நாட்களில் டீசல் எங்கேயும் இல்லைதான், அதை நாங்கள் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் டீசல் இல்லை என்று தெரிந்தும் ராத்திரி டிரையர் ஓட்டச் சொன்னது அப்பா இல்லையே.

புத்தகத்தில் அரை மணிக்கு ஒரு தடவை சூடு எழுத வேண்டும். கடைசி இரண்டு பதிவு இல்லை, உண்மை. இரண்டு வேலையும் ஒரே ஆள் பார்த்ததால் எழுத முடியவில்லை என்று அப்பா சொன்னார். அதற்கு முன்னால் அவருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம்கூட வந்ததில்லை.

தலவாக்கலை சட்டம்

இது நல்ல சாட்சியம். தீர்ப்பில் இதெல்லாம் எழுதப்பட்டிருக்கிறதா என்பதுதான் இனி முக்கியம். பார்த்துச் சொல்லுங்கள்.

டீமேக்கர் ஐயாவின் கேள்வி நியாயமான கேள்வி. ஆனால் கவனயீனம் என்று சொல்லி ஒருவரின் வேலையைப் பறிக்கும்போது, நட்டம் எவ்வளவு பெரியது என்பதிலிருந்து தொடங்கக் கூடாது. அந்த ஆளிடம் என்ன வேலை ஒப்படைக்கப்பட்டது, அதைச் செய்ய என்ன வசதி கொடுக்கப்பட்டது, அந்த இடத்தில் நின்ற சாதாரண கவனமுள்ள டிரையர்காரர் ஒருவர் என்ன செய்திருப்பார் என்று பார்க்க வேண்டும். ஓர் ஆளை இரண்டு இடத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, ஓர் இடத்தில் இல்லை என்று குற்றம் சாட்டினால் அது எப்படிக் கவனயீனமாகும்?

புத்தகப் பதிவு விடுபட்டது தவறுதான். அதற்கு எச்சரிக்கை உண்டு, சில நாள் வேலையிலிருந்து நிறுத்தி வைப்பது உண்டு. பல வருடம் குறையில்லாமல் வேலை செய்தவருக்கு முதல் தண்டனையே வேலைநீக்கமா என்று நியாய சபை கேட்கலாம், அந்த அதிகாரம் அதற்கு இருக்கிறது. முழு நிலுவைச் சம்பளம் கொடுக்காமல் ஒரு பகுதி மட்டும் கொடுத்ததுகூட அந்தப் பதிவுகளுக்காக இருக்கலாம். அப்படியானால் தலைவர் இரண்டு பக்கத்தையும் எடைபோட்டிருக்கிறார் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

நிரூபணத் தரம் பற்றியும் ஒரு வார்த்தை. குற்றவியல் வழக்கில் போலச் சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டியதில்லை, எது நடந்திருக்கக் கூடும் என்ற சாத்தியச் சமநிலை போதும் என்று 1975இலேயே உயர் நீதிமன்றம் (மேல் நீதிமன்றத்துக்கும் மேலே உள்ள, நாட்டின் அதியுயர் நீதிமன்றம்) சொல்லிவிட்டது. ஆகவே கம்பனிக்கு அந்த விதத்தில் வசதிதான். அந்தக் குறைந்த அளவைக்கூட எட்ட முடியாமல்தான் ஹட்டனில் தோற்றிருக்கிறார்கள்.

மலைச்சாரல்

எனக்கு ஒரு சந்தேகம். இப்படி மேன்முறையீடு போட்டுப் போட்டு இழுத்தால் தொழிலாளி களைத்துப்போய்விடுவாரே? கம்பனிக்கு அதில் ஒரு செலவும் இல்லையா?

தலவாக்கலை சட்டம்

செலவு உண்டு. தொழில்தருநர் மேன்முறையீடு செய்வதென்றால் காசாகப் பிணை கட்ட வேண்டும். பணம் மட்டும் கொடுக்கச் சொன்ன கட்டளை என்றால் அந்தத் தொகை முழுவதையும் கட்ட வேண்டும். மீண்டும் வேலைக்கு எடுக்கச் சொன்ன கட்டளை என்றால் வேலைநீக்கம் செய்தபோது இருந்த மாதச் சம்பளத்தின் பன்னிரண்டு மடங்கு. இரண்டும் சேர்ந்த கட்டளை என்றால் இரண்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். கட்டியதற்கு நியாய சபைத் தலைவரின் சான்றிதழ் மனுவோடு இருக்க வேண்டும். கட்டளை வந்து முப்பது நாட்களுக்குள் மேன்முறையீடு செய்திருக்கவும் வேண்டும்.

தங்கச்சியின் சட்டத்தரணி முதலில் பார்க்க வேண்டியது இந்த இரண்டையும்தான். திகதி தப்பியிருந்தாலோ, பிணையில் குறை இருந்தாலோ, சாட்சியத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே ஆட்சேபனை எழுப்பலாம். பெரிய கம்பனிகளும் இதில் தடுக்கி விழுந்திருக்கின்றன.

இந்தப் பிணைப் பணம் எதற்கு என்று அப்பாவுக்கு விளக்குங்கள். மேன்முறையீடு முடியும்வரை கம்பனி வேலை கொடுக்கப் போவதில்லை என்பது நடைமுறை. அப்பா வென்றால் வெறும் காகிதத்தோடு அலையக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பணம் ஒதுக்கப்படுகிறது. ஒபிஸ் ஆள் சொன்ன தொகையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பதுளைக் கிளார்க்

எல்லோரும் நம்பிக்கை கொடுக்கிறீர்கள், நல்லது. ஆனால் மேல் நீதிமன்றத்தில் கம்பனி வென்ற வழக்கும் எனக்குத் தெரியும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

என்னோடு வேலை செய்த களஞ்சியக்காரர் ஒருவர். உர மூடை குறைந்தது, கவனயீனம் என்று நிறுத்தினார்கள். நியாய சபை வேலையைத் திருப்பிக் கொடுத்தது. தீர்ப்பை நான் படித்தேன். கம்பனிச் சாட்சி இன்னது சொன்னார், விண்ணப்பதாரர் இன்னது சொன்னார் என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, கடைசியில் இரண்டு வரியில் "ஆகவே வேலைநீக்கம் நியாயமற்றது" என்று முடித்திருந்தார்கள். யாரை ஏன் நம்பினோம் என்று ஓர் இடத்திலும் இல்லை. சாவி இரண்டு பேர் கையில் இருந்தது என்பது அவருக்குச் சாதகமான முக்கியமான விஷயம், அது தீர்ப்பில் வரவே இல்லை. மேல் நீதிமன்றத்தில் கம்பனி அதைத்தான் பிடித்துக்கொண்டது. சான்றை ஆராயாமல் கொடுத்த கட்டளை சட்டப்படி பிழை என்றார்கள். கட்டளை தள்ளுபடியானது.

அவர் பக்கம் உண்மை இருந்தது. தீர்ப்பில் அது எழுதப்படவில்லை. அதனால் தங்கச்சி, செக்ரோல் விஷயம் தீர்ப்பில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

பொகவந்தலாவை மகள்

பார்த்துவிட்டேன் அண்ணா. தீர்ப்பு சிங்களத்தில் இருக்கிறது. பக்கத்து லயத்து ஆசிரியர் அக்கா உட்கார்ந்து முழுவதையும் படித்துச் சொன்னார். செக்ரோல் இருக்கிறது, ஆவண இலக்கத்தோடு எழுதியிருக்கிறார்கள். ஸ்டோர் உத்தியோகத்தர் ஒத்துக்கொண்டதும் இருக்கிறது, அந்த ஒரு பதிலை நம்புவதாகவும் தலைவர் எழுதியிருக்கிறார். கரண்ட் வெட்டு அட்டவணை ஒட்டப்படாததும் இருக்கிறது. டீசல் விஷயம் ஒரே வரிதான். அடுப்பு வாய் சுவருக்கு வெளியே இருப்பது பற்றித் தீர்ப்பில் ஒன்றும் இல்லை. ஆனால் அப்பா அதைச் சாட்சியத்தில் சொன்னார்.

தலவாக்கலை சட்டம்

மிக நல்லது. தீர்ப்பில் இல்லாவிட்டாலும் சாட்சியக் குறிப்பில் இருந்தால் போதும், அந்தக் குறிப்பு முழுவதும் மேல் நீதிமன்றத்துக்கு வரும். உங்கள் சட்டத்தரணி எழுத்துமூல சமர்ப்பணத்தில் பக்க இலக்கத்தோடு அதைக் காட்ட வேண்டும். தலைவரின் முடிவைத் தாங்குகிற சான்று வழக்குக் கோவையில் இருக்கிறது என்று காட்டுவதுதான் எதிர்மனுதாரரான அப்பா பக்கத்தின் முழு வேலையும்.

பதுளை நண்பர் சொன்னதை எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். தொழிலாளி பக்கம் வாதாடுகிறவர்கள் நியாய சபையிலேயே எழுத்துமூல சமர்ப்பணத்தைச் சோம்பல் இல்லாமல் போட வேண்டும். தீர்ப்பில் இடம்பெற வேண்டிய விஷயத்தை நாமே வரிசைப்படுத்திக் கொடுக்காவிட்டால், பிற்பாடு அதை அங்கே தேடிப் பயன் இல்லை.

ஓய்வுபெற்ற டீமேக்கர்

விறகு ஆள் இல்லாமல், ஜெனரேட்டருக்கு டீசல் இல்லாமல், கரண்ட் வெட்டுக் காலத்தில் ராத்திரி டிரையரை ஏற்றச் சொன்னார்கள் என்றால் அது வேறு கதை. கொழுந்து கெட்டுப்போகும் என்ற அவசரத்தில் அப்படிச் செய்யச் சொல்லியிருப்பார்கள். வாட்டின கொழுந்து காத்திருக்காது, அந்த நெருக்கடி எனக்குத் தெரியும். ஆனால் அந்த முடிவை எடுக்கிறவர் அதன் பொறுப்பையும் எடுக்க வேண்டும். நான் வேலை செய்த காலத்தில் அடுப்புக்கு ஆள் இல்லை என்றால் டிரையரைப் பற்றவைக்க விட மாட்டேன்.

ஆனாலும் ஒன்றில் நான் பிடியை விட மாட்டேன். அறுபதை நெருங்கும் மனிதரை மறுபடி டிரையரில், ராத்திரி வேலையில் நிறுத்த வேண்டாம். வேலை திரும்பக் கிடைக்கட்டும். தேயிலையைச் சலிக்கும் சலிப்பு அறையிலோ பொதி கட்டும் இடத்திலோ கொடுக்கட்டும். நம்பிக்கை போய்விட்டது என்று கம்பனி சொல்கிற வாயையும் அது அடைக்கும்.

தலவாக்கலை சட்டம்

ஐயா சொல்வது சமரசப் பேச்சுக்கு நல்ல யோசனை. அதே தரம், அதே சம்பளம், சேவைத் தொடர்ச்சி அறாமல் இருந்தால் அப்பா ஏற்கலாம்.

"நம்பிக்கை இழந்துவிட்டோம்" என்பது தொழில்தருநர் பக்கத்தில் வழக்கமாக எடுக்கும் ஆயுதம். வங்கியில் காசு எண்ணுகிறவர் விஷயத்தில் நீதிமன்றங்கள் அதற்கு அதிக மதிப்புக் கொடுக்கின்றன. ஆனால் அந்த இழப்புக்கு அடித்தளமாக நிரூபிக்கப்பட்ட சம்பவம் ஒன்று வேண்டும். சந்தேகத்தையும் வருத்தத்தையும் வைத்து நம்பிக்கை போய்விட்டது என்றால் எந்தத் தொழிலாளியும் எந்த நாளிலும் வெளியே போக வேண்டியதுதான்.

லிந்துலை வாசி

காசா வேலையா என்று பேச்சு வருவதால் எழுதுகிறேன். கொழும்பில் ஒரு கம்பனி வேலை போனால் ஆள் இன்னொரு கம்பனி தேடுவார். தோட்டத்தில் வேலை போனால் என்ன போகிறது என்று நகரத்துச் சட்டத்தரணிகளுக்குச் சில நேரம் புரிவதில்லை. காம்பரா கம்பனியுடையது. கூரைத் தகரம் ஓட்டையானால் யாரிடம் போய்க் கேட்பது? செக்ரோலில் பெயர் இல்லாதவருக்குத் தோட்டக் கடையில் கடன் இல்லை. சேமலாப நிதி நின்றுவிடும். கல்யாணத்துக்குத் தோட்டத்துக் கடன் கிடைக்காது. எங்கள் லயத்தில் ஒருவரை இப்படி நிறுத்தியபோது அவருடைய மனைவிக்கும் வேலை நாள் குறைந்தது. கேட்டால் காரணம் சொல்ல மாட்டார்கள்.

அதனால்தான் வேலையைத் திருப்பிக் கொடு என்ற கட்டளை எங்களுக்குப் பெரியது. கள்ளன் மாதிரி, பொறுப்பில்லாதவன் மாதிரி ஒபிஸ் வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட மனிதர் அதே வாசல் வழியாக உள்ளே போக வேண்டும். தொகை வாங்கிக்கொண்டால் ஊரில் என்ன பேசுவார்கள்? அவர் தப்புச் செய்தார், காசு வாங்கி மூடிவிட்டார் என்றுதான் பேசுவார்கள்.

பொகவந்தலாவை மகள்

அக்கா, நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசி வரிகளை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

அம்மா மட்டும் காசு வாங்கலாம் என்கிறார். அவருக்கும் காரணம் இருக்கிறது. வழக்கு முடிவதற்குள் அப்பாவுக்கு அறுபது ஆகிவிட்டால் ஒன்றும் கிடைக்காதா? ஒபிஸ் ஆள் தொகையை ஒரு நாளைக்கு 1,000 ரூபா என்று கணக்குப் போட்டுத்தான் சொன்னார்.

தலவாக்கலை சட்டம்

அம்மா கேட்பது நியாயமான கேள்வி.

2021ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம் தனியார் துறையில் ஓய்வு வயதை 60 ஆக்கியது. வழக்கு நடக்கும்போதே அந்த வயது வந்துவிட்டால் மறுபடி வேலையில் அமர்வது நடைமுறையில் முடியாது. அதற்காக வழக்கு செத்துவிடாது. வேலைநீக்கத்திலிருந்து ஓய்வு வயதுவரையான இழப்பு, சேமலாப நிதி, பணிக்கொடை எல்லாம் உயிரோடு இருக்கும். மேல் நீதிமன்றம் வேலைக்குப் பதிலாக நட்டஈடு என்று கட்டளையை மாற்றவும் கூடும்.

நட்டஈட்டை எப்படிக் கணக்கிடுவது என்பதற்கு 1975இல் இலங்கைப் போக்குவரத்துச் சபை வழக்கில் நீதியரசர் வைத்தியலிங்கம் சொன்னதை இன்றைக்கும் பின்பற்றுகிறார்கள். ஆளின் வயது, சேவைக்காலம், சம்பளம், வேறு வேலை கிடைக்கும் வாய்ப்பு, பழைய நடத்தை, எப்படி வெளியே போட்டார்கள், அவர்மேல் எவ்வளவு பிழை என்று பலவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெறுமனே பழைய நாட்கூலியைப் பெருக்கிச் சொல்வது நட்டஈடு ஆகாது. தோட்டத்து அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ஆகிவிட்டது. வேலையில் இருந்திருந்தால் அப்பாவுக்கும் அந்தக் காலத்துக்கு அதுதான் கிடைத்திருக்கும். 1,000 ரூபாக் கணக்கோடு வருகிற பேச்சு அங்கேயே நிற்க வேண்டும்.

இன்னொன்றையும் ஒபிஸ் ஆள் கையெழுத்துக் கேட்கும் காகிதத்தில் தேடுங்கள், பணிக்கொடை. 1983ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சட்டப்படி ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு அது உரிமை. நாட்சம்பளக்காரருக்கு ஒரு வருடச் சேவைக்கு 14 நாள் சம்பளம். ஆனால் தொழில்தருநரின் பொருளுக்கு இழப்பு உண்டாக்கியதற்காக வேலைநீக்கப்பட்டால், அந்த இழப்பின் அளவுக்குப் பணிக்கொடையில் கழிக்கலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. கவனயீனக் குற்றச்சாட்டு நிலைத்தால் கருகின தேயிலை, வளைந்த ட்ரே எல்லாவற்றையும் இதில் கழிக்கப் பார்ப்பார்கள். சமரசப் பத்திரத்தில் "நட்டத்துக்கு நானே பொறுப்பு" என்று ஒரு வசனம் நுழைந்திருந்தால் அப்பாவின் முழுச் சேவைக்காலத்துக்கும் அது வேட்டு வைத்துவிடும். கையெழுத்து வேண்டாம் என்று நான் முதலில் சொன்னதற்கு இதுதான் பெரிய காரணம்.

சமரசம் பேசுவதே கூடாது என்று நான் சொல்லவில்லை. பேசினால் நீதிமன்றத்தில், சட்டத்தரணி முன்னால், தீர்ப்பின்படி வர வேண்டிய தொகையைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். காம்பராத் திண்ணையில் இல்லை.

மலைச்சாரல்

மேல் நீதிமன்றத்திலும் தோற்றால் கம்பனி அதற்கு மேலும் போகுமா?

தலவாக்கலை சட்டம்

கொழும்பு உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம், ஆனால் முதலில் அனுமதி வாங்க வேண்டும். சட்டப் பிரச்சினை இருக்கிறது என்று காட்டினால்தான் அனுமதி கிடைக்கும். எல்லா வழக்கும் அங்கே ஏறாது.

பதுளைக் கிளார்க்

தங்கச்சி, சங்கப் பிரதிநிதி நியாய சபையில் வாதாடலாம். மேல் நீதிமன்றத்துக்குச் சட்டத்தரணி வேண்டும். காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள், நீதிமன்றங்களை ஒட்டி அவர்களுக்கு நிலையங்கள் இருக்கின்றன. வருமானத்தைக் காட்டும் கிராம உத்தியோகத்தர் கடிதம் கேட்பார்கள், அதை எடுத்துக்கொண்டு போங்கள். சங்கத்துச் சந்தா எத்தனை வருடம் கட்டியிருக்கிறார் அப்பா? சங்கத்துச் சட்டப் பிரிவையும் கேளுங்கள், அது அவருடைய காசு.

பொகவந்தலாவை மகள்

எல்லோருக்கும் நன்றி. இன்றைக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஒபிஸ் ஆள் மறுபடி வந்தார். அப்பாவே வாசலில் நின்று, காகிதத்தை ஒரு பிரதி கொடுங்கள், என் சட்டத்தரணி பார்க்கட்டும் என்று கேட்டார். கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். அதில் கருகின தேயிலை பற்றி ஒரு பந்தி இருந்ததைத் தம்பி எட்டிப் பார்த்திருக்கிறான். அம்மாவும் இனி காசுப் பேச்சு எடுக்கவில்லை.

சங்கம் ஒரு சட்டத்தரணியை ஒழுங்கு செய்திருக்கிறது. பிணைச் சான்றிதழையும் மனுப் போட்ட திகதியையும் பார்க்கச் சொல்லி நான் எழுதிக் கொடுத்தேன். திகதி சரியாகத்தான் இருக்கிறதாம், பிணைத் தொகையை அவர் சரிபார்த்துக்கொண்டு இருக்கிறார். சாட்சியக் குறிப்பின் பிரதிக்கு விண்ணப்பித்துவிட்டோம். அடுப்பு வாய் பற்றி அப்பா சொன்ன பக்கத்தைக் கண்டுபிடித்து அவரிடம் கொடுக்க வேண்டும்.

டீமேக்கர் ஐயா சொன்ன சலிப்பு அறை யோசனையை அப்பாவிடம் சொன்னேன். "டிரையர்தான் எனக்குத் தெரிந்த வேலை, ஆனால் பேர் விழுந்தால் எங்கே என்றாலும் நிற்பேன்" என்றார். அதையும் சட்டத்தரணியிடம் சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற டீமேக்கர்

பிள்ளை, அந்த ஸ்டோரின் உள்ளமைப்பை ஒரு தாளில் கீறச் சொல்லுங்கள். டிரையர், சுவர், அடுப்பு வாய், விறகு அடுக்கின இடம். புதிய சாட்சியமாக அதை ஏற்க மாட்டார்கள் என்று தெரியும். ஆனால் ஸ்டோருக்குள் கால் வைக்காத சட்டத்தரணிக்கு அப்பா சொன்ன பக்கத்தைப் புரியவைக்க அது உதவும். டிரையர் பற்றி அவருக்கு ஏதாவது கேட்க வேண்டும் என்றால் என்னைக் கூப்பிடச் சொல்லுங்கள். நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.

பொகவந்தலாவை மகள்

கிடைத்தது ஐயா. ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு சேர்ந்து பேசுகிறோம்.